ஐந்தாம் மாடிக் கறிவேப்பிலை: வாசகர் கேள்வி பதில்

மழை பிடித்துவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி செடியைப் பற்றியவை, மீதி வீட்டைப் பற்றியவை. படித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விஷயமாகத்தான் இருக்கிறது. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அதே நிலைமையில் பல வீடுகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: அக்கா, எங்கள் வீடு ரங்கூன் நடுவில், பெயருக்குப் பதில் எண் உள்ள நம்பர் தெரு ஒன்றில், ஐந்தாம் மாடி. அகலம் 12½ அடி, நீளம் 50 அடி. லிஃப்ட் கிடையாது. போன வருசம் மாமனார் தவறிய பிறகு, சிரியம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியாரைக் கூட்டி வந்துவிட்டோம். அங்கே வீட்டைச் சுற்றி வாழையும் முருங்கையும் கீரையுமாக வாழ்ந்தவர். இங்கே நாள் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்தே இருக்கிறார். அவர் மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கறிவேப்பிலைச் செடி வாங்கி வைத்தோம். இரண்டு செத்துவிட்டன. மூன்றாவதும் மஞ்சளாகிறது. ‘மாடியில் செடியெல்லாம் வராது, வீண் செலவு’ என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா?
— ஒரு வாசகி, ரங்கூன்

பதில்: தங்கச்சி, மாடியில் செடி வரும். நானே நாலாம் மாடியில்தான் இருக்கிறேன். என் கறிவேப்பிலைக்கு இப்போது பதினோரு வயது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே சுருக்கிப் போட்டிருந்தாலும், தொட்டி எவ்வளவு பெரிது, செடி எங்கே வாங்கியது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் ஊற்றுவது யார் என்பது மட்டும் இல்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காலையில் நீங்கள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு சொம்பு ஊற்றுகிறீர்கள். மத்தியானம் மாமியார் பார்த்துவிட்டு, பாவம் வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு. சாயங்காலம் பிள்ளைகள். அப்புறம் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாத நாளில் யாருமே ஊற்றுவதில்லை. கறிவேப்பிலைக்கு இரண்டும் ஆகாது. அதிலும் வேர் ஊறிக்கிடப்பது அதற்குச் சுத்தமாக ஆகாது. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை நம் ஊரில் பெய்கிற மழைக்கு, அடியில் தட்டு வைத்த தொட்டி என்றால் செடி குளத்தில் நிற்கிற மாதிரிதான். என் முதல் செடி இப்படித்தான் போனது. தரை அழுக்காகக் கூடாது என்று தட்டு வைத்தேன். ஆடி மாதம் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது.

என் அம்மா கடைசி ஆறு வருசம் என்னோடு இருந்தார். வந்த புதிதில் உங்கள் மாமியார் மாதிரியேதான், ஜன்னலை விட்டு நகரமாட்டார். நானும் செடி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். கொடுத்ததை வாங்கி ஓரமாக வைத்தார், அவ்வளவுதான். பெற்ற மகள் கொடுத்தாலும் அது விருந்தாளிக்குக் கொடுத்த பொருள் மாதிரிதான் இருந்தது. எனக்கு அது புரிய ஒரு வருசம் ஆயிற்று.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். சோறு வடிக்க அம்மாதான் அடுப்படிக்குப் போனார். அரிசி களைந்த முதல் தண்ணியைக் கொட்டினார். இரண்டாவது தண்ணியைக் கொட்டப் போனவர் கையை நிறுத்தி, பால்கனிக்குக் கொண்டு போய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டாம் கணு வரைக்கும் விட்டார். எடுத்து மோந்து பார்த்தார். ‘ஈரம் இருக்கு, இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, தண்ணியைப் பக்கத்திலிருந்த வல்லாரைத் தொட்டியில் ஊற்றினார். மறுநாளிலிருந்து அரிசி களைகிற வேலையை என்னிடம் தரவே இல்லை. செடியும் அதோடு அவருடையதாகிவிட்டது.

அதனால் நான் சொல்வது இதுதான். செடி வளர்ப்பதைத் தனி வேலையாக வைக்காதீர்கள். நகரத்து வீட்டில் தனி வேலை என்று ஒன்று வந்தால் பத்து நாளில் நின்றுபோகும். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள். அரிசி களைவது, விளக்கேற்றுவது, டீக்குத் தண்ணி வைப்பது, எதுவாக இருந்தாலும் சரி. அந்த வேலையைச் செய்கிறவர் ஒருவர்தான் அந்தத் தொட்டிக்குப் பொறுப்பு. மற்றவர்கள் பார்க்கலாம், ஊற்றக்கூடாது. உங்கள் வீட்டில் அந்த ஒருவர் மாமியாராக இருக்கட்டும். செடியை எங்கே வைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் முடிவு செய்துவிட்டு அவரிடம் சொல்லாதீர்கள்.

இப்போது மூன்றாவது செடிக்கு வருவோம். மஞ்சளில் இரண்டு வகை உண்டு. அடியிலுள்ள பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணும் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் அதிகம். தட்டை எடுத்துவிட்டு, தொட்டியின் அடியில் மூன்று செங்கல் துண்டு வைத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். ஓட்டை அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். நுனியிலுள்ள இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண் இறுகிப் போனாலும் இது வரும். புளித்த மோரை நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்து வாரம் ஒரு முறை ஊற்றுவது நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான். உப்புப் போடாத மோராக இருக்கவேண்டும். ஆனால் மண்ணே களிமண்ணாக இருந்தால் மோர் ஊற்றிப் பயனில்லை, தொட்டி மாற்றித்தான் ஆகவேண்டும். தோட்ட மண் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மக்கிய குப்பை ஒரு பங்கு. உமிக்கரி நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. ஐந்து மாடி தூக்கிக்கொண்டு ஏறவும் லேசு.

வெயிலையும் பாருங்கள். நம் நம்பர் தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுவதால் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்து நிற்கும். கிழக்குப் பார்த்த வீடு என்றால் காலை வெயில் கிடைக்கும், ஐந்தாம் மாடியில் எதிர் வீட்டு மறைப்பும் குறைவு. கறிவேப்பிலைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மேற்குப் பார்த்தது என்றால் சித்திரை மாத மத்தியான வெயிலில் தொட்டியே சுடும், ஒரு பழைய சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள்.

இலை பறிக்கும்போது ஒவ்வொரு இலையாக உருவாதீர்கள். நுனியோடு கிள்ளுங்கள். கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடிக்கும். சில நாள் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் அது புழு. நாலைந்து நாளில் பச்சையாகி, இரண்டே நாளில் பாதிச் செடியைத் தின்றுவிடும். அது பட்டாம்பூச்சிப் புழு. மருந்து அடிக்கவேண்டாம், செடி சின்னதாக இருக்கும் வரை கையால் எடுத்துவிடுங்கள். செடி பெரிதான பிறகு ஒன்றிரண்டை நான் விட்டுவிடுவேன். கூடு கட்டிப் பறந்து போவதைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கும்.

பின்பக்கம், அடுப்படி ஓரம், வெயில் வராத இடம் இருக்குமே, அங்கே வல்லாரை வையுங்கள். பாதி நிழலும் ஈரமும்தான் அதற்கு வேண்டும், மழைக்காலத்தில் தானாகப் பரவும். பர்மாக்காரர்கள் வெங்காயமும் வேர்க்கடலையும் போட்டுப் பிசைகிற மாதிரி நாமும் பிசையலாம், துவையலும் அரைக்கலாம்.

இன்னும் ஒன்று. உங்கள் பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் மணிக்கயிறு, கீழே வருகிறவர் இழுத்து மணியடிக்கிற கயிறு, தொங்கும்தானே? என் அம்மா வல்லாரையும் கறிவேப்பிலையும் கட்டுக்கட்டாகக் கட்டி, கயிற்று நுனிக் கிளிப்பில் மாட்டிக் கீழே இறக்குவார். இரண்டாம் மாடி பர்மாக்கார மமா (பர்மிய மொழியில் அக்கா) கையை நீட்டி எடுத்துக்கொள்வார். மறுநாள் அதே கிளிப்பில் ஒரு சின்னப் பையில் எலுமிச்சையோ மாங்காயோ மேலே வரும். இரண்டு பேருக்கும் பேச்சு அவ்வளவாகப் புரியாது. அம்மா தவறிய அன்று முதலில் மேலே ஏறி வந்தது அந்த மமாதான்.

கேள்வி: அம்மா, 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு பால்கனிக் கம்பியில் தொட்டி மாட்டவே பயமாக இருக்கிறது. எங்கள் கட்டடமும் பழசு. எவ்வளவு பாரம் வைக்கலாம்?
— வாசகர், போத்தத்தாவ்

பதில்: பயப்படுவது சரிதான் தம்பி. அன்று நடுமையம் மாண்டலே, சகாயிங் பக்கம், 7.7 அளவு. ரங்கூன் தப்பித்தது. ஆனால் பூமிக்கு அடியில் ஓடுகிற அந்தச் சகாயிங் பிளவு பெகு பக்கமாகவும் தெற்கே இறங்குகிறது. 1930 மே 5 அன்று பெகுவில் வந்த பூகம்பத்தில் அங்கே ஷ்வேமாடோ பகோடாவே இடிந்தது, ரங்கூனிலும் உயிர்ச்சேதம் இருந்தது. பெரியவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

கம்பிக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். கம்பிச் சுவர்மேலும் வைக்காதீர்கள். பூகம்பம் வேண்டாம், வைகாசிக் காற்றே போதும், கீழே நடந்து போகிறவர் தலையில் விழுவதற்கு. பால்கனித் தளம் கட்டடத்தோடு சேருகிற இடத்தில், உள்சுவரை ஒட்டி வரிசையாக வையுங்கள், நுனியில் வேண்டாம். கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். குடிதண்ணீர் வருகிற 20 லிட்டர் பாட்டில் உடைந்ததை வெட்டி, முழுக்க ஈரமண் நிரப்பினால் ஏறக்குறைய 30 கிலோ வரும். அப்படி நாலு வைத்தால் இரண்டு ஆள் எந்நேரமும் பால்கனியில் நிற்கிற மாதிரி. உமிக்கரி கலந்த மண்ணை அரைப் பாட்டில் உயரத்துக்குப் போட்டால் கீரைக்குத் தாராளம், பாரமும் பாதிக்குக் கீழே வந்துவிடும். சிமெண்ட் தொட்டி மாடிக்கு வேண்டவே வேண்டாம். பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து இரும்புக் கம்பி தெரிகிறதா என்று கீழ்வீட்டிலிருந்து ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். தெரிந்தால் அங்கே தொட்டி எதுவும் கூடாது, ஜன்னலுக்கு உள்ளே ஒரு டப்பாவில் புதினா போதும்.

கேள்வி: அக்கா, வீட்டுக் குப்பையை உரமாக்கலாம் என்று ஒரு வாளியில் காய்த்தோல் சேர்த்தேன். ஒரே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, புழு வேறு. மாடிவீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். அவர் மட்டும் தினமும் பையோடு குப்பையைப் பின்சந்தில் எறிகிறார். எனக்குத்தான் வெட்கம். விட்டுவிடலாமா?
— வாசகி, தாம்வே

பதில்: விடாதீர்கள். நீங்கள் செய்தது ஒரே ஒரு தப்பு. மூடி போட்ட வாளி, ஓட்டை இல்லாத வாளி, உள்ளே வெறும் ஈரத்தோல். காற்றுப் போகாத இடத்தில் ஈரம் மக்காது, அழுகும். நாற்றம் அதனால்தான். எனக்கும் நாலாம் நாளே இதே கதைதான். கீழ்வீட்டு மமா, ஐராவதி டெல்டாவில் நெல்லோடு வளர்ந்தவர், வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ‘உமி எங்கே?’ என்று மட்டும் கேட்டார். மாடும் நெல்லும் இருக்கிற வீட்டில் எருக்குழியில் வைக்கோலும் உமியும் தானாக விழுந்துவிடும். நம் மாடியில் நாம்தான் போடவேண்டும்.

வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் விரல் நுழையாத அளவுக்கு ஓட்டை போடுங்கள். அடியில் தேங்காய் நார் இரண்டு அங்குலம். ஒரு கை தோல் போட்டால் இரண்டு கை உமி, காய்ந்த இலை, கிழித்த அட்டை, எது இருக்கிறதோ அது. மேலே எப்போதும் காய்ந்ததுதான் தெரியவேண்டும், தோல் தெரியக்கூடாது. தோல் தெரிந்தால்தான் ஈ வந்து முட்டையிடும். தோலைப் பொடியாக நறுக்கினால் சீக்கிரம் மக்கும். வாரம் இரண்டு முறை ஒரு குச்சியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துக் கையில் பிழியுங்கள். ஒரு சொட்டு இரண்டு சொட்டு வந்தால் பதம் சரி. ஒழுகினால் உமி கூட வேண்டும். பிழிந்த உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நம் ஊர் வெக்கைக்கு இரண்டரை, மூன்று மாதத்தில் கறுப்பாகிவிடும். மழை பெய்த மண் மாதிரி வாசனை வந்தால் ஆயிற்று.

சோறு, மீன், ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது), எண்ணெய் பட்டது எதுவும் வாளிக்குள் போகக்கூடாது. எலி வரும். தட்டையாக, பழுப்பாக, மெதுவாக நகர்கிற புழு இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது கறுப்பு ஈயின் புழு. தின்று உரமாக்கிக் கொடுக்கும், வீட்டுச் சாப்பாட்டை மொய்க்காது.

எங்கள் வீட்டில் மூன்று பேர். வாரத்துக்குச் சேரும் தோல் ஒன்றரை வீசை. மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவள் நான், எதையும் நிறுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. (1.63 கிலோ ஒரு வீசை என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள்தான் ‘வீசையா, அது என் தாத்தா காலத்து வார்த்தை’ என்கிறார்கள். பர்மாவில் வெள்ளைக்காரன் எழுதி வைத்த ‘விஸ்’ என்பதே நம் வார்த்தைதான்.) அந்த ஒன்றரை வீசை இப்போது தெருக்குப்பையில் சேர்வதில்லை.

மாடிவீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம். பின்சந்து யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைப்பதால்தான் எறிகிறார்கள். 2017 வாக்கில் நகரத்து நடுவில் சில பின்சந்துகளைத் துப்புரவு செய்து, தரை போட்டு, தொட்டி வைத்து, சுவரில் படம் வரைந்து, பிள்ளைகள் விளையாடுகிற இடமாக்கினார்கள். நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் வீட்டு ஜன்னல்களும் அந்தப் பின்சந்தைப் பார்த்துத்தான் திறக்கின்றன. தன் பிள்ளை கீழே நிற்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் பை எறியக் கை வராது. உங்கள் பின்சந்தை ஒரே நாளில் அப்படி ஆக்க முடியாது, சரி. உங்கள் வாளியில் முதல் உரம் வந்ததும் ஒரு தொட்டியில் பச்சை மிளகாய் வைத்து, காய்த்ததும் முதல் பத்துக் காயை மாடிவீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பேசுங்கள்.

கேள்வி: தொட்டிச் செடி இருந்தால் கொசு வரும், பிள்ளைகளுக்கு டெங்கு வரும் என்று அடுத்த வீட்டில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?
— வாசகி, இன்சின்

பதில்: மண்ணில் கொசு வளராது, தேங்கின தண்ணீரில்தான் வளரும். டெங்குக் கொசு சுத்தமான தண்ணீரைத்தான் தேடும், பகலில் கடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறீர்கள் இல்லையா, அதோடு சேர்த்துத் தட்டு, பூச்சாடி, சாமிப் படத்துக்கு முன்னால் இருக்கிற பூக்கிண்ணம், ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, நாரால் தேய்க்கவேண்டும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு என்று பிடித்து வைக்கிற டிரம்மை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டுங்கள். கொட்ட முடியாத பெரிய தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுவைத் தின்கிற கப்பி மீன் நாலு விடுங்கள். பிள்ளைக்கு விடாமல் காய்ச்சல் அடித்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கேள்வி: பிளாஸ்டிக் பையைக் குறைக்க ஒரு சுலபமான வழி சொல்லுங்கள்.
— வாசகர், கமாயுட்

பதில்: தூக்குச்சட்டி. காலையில் மோகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கப் போகிறவர் கையில் அது இருந்தால் குழம்புக்கு ஒரு பை, நூடுல்ஸுக்கு ஒரு பை, மிளகாய்த்தூளுக்கு ஒரு பை என்று மூன்று பை மிச்சம். சூடான குழம்பைப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவதும் நல்லதில்லை. முன்பெல்லாம் மார்க்கெட்டில் எதை வாங்கினாலும் ‘இன்’ என்கிற மரத்தின் இலையில்தான் கட்டித் தருவார்கள், என் கடையிலும் அதுதான். இன்னும் சில இடத்தில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் கொண்டு வருவார்கள். அரிசிச் சாக்கில் செடி வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெயில் பட்டால் அந்தச் சாக்கு சில மாதத்தில் நூல் நூலாக உதிரும். அந்த நூல் பிளாஸ்டிக், மண்ணோடு கலந்துவிடும். உதிர ஆரம்பிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பாட்டி, நான் நாலாம் வகுப்பு. கோயில் தமிழ் வகுப்பில் கடிதம் எழுதச் சொன்னார்கள். அப்பா புளிச்சக்கீரை விதை வாங்கித் தருவதாகச் சொன்னார், ஆனால் எங்கள் வீட்டில் மண் இல்லை. மண் இல்லாமல் ஏதாவது வளர்க்க முடியுமா? எத்தனை நாளில் வரும்?
— ஒரு மாணவன், தக்கேத்தா

பதில்: கண்ணு, உன் கடிதத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழைதான் இருந்தது. ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாய்.

புளிச்சக்கீரை விதைக்கு மண் வேண்டும், வெயிலும் நிறைய வேண்டும். மழைக்காலம் தொடங்கும்போது விதைத்தால் நாலைந்து நாளில் முளைக்கும், நுனியைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். ஐப்பசி வாக்கில் பகல் குறுகியதும் பூத்துவிடும், அப்புறம் இலை குறைந்துபோகும். அப்பாவிடம் அரை பாட்டில் மண் கேட்டு வை. அது வரும்வரை சும்மா இருக்கவேண்டாம்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து கஸூன் கீரை, அதுதான் வள்ளைக்கீரை, வாங்கி வரும் நாளில், சமைக்கும் முன்னால் நல்ல தடித்த தண்டாக மூன்று கேட்டு வாங்கு. தண்டில் அங்கங்கே முடிச்சு மாதிரி இருக்கும், அதுதான் கணு. நுனியில் இரண்டு இலையை விட்டுவிட்டு மற்ற இலையைக் கிள்ளி அம்மாவிடம் கொடு. கீழே இரண்டு கணு முங்குகிற அளவுக்குக் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி, தண்டை நிறுத்தி, வெளிச்சம் வருகிற ஜன்னலில் வை. நேர் வெயில் வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும். அந்த வேலை உன்னுடையது மட்டும்தான், பல் தேய்த்ததும் செய். பழைய தண்ணீரைக் கீழே கொட்டாமல் யார் வீட்டுத் தொட்டியிலாவது ஊற்று.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் கணுவைச் சுற்றி வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக வரும், உப்பு ஒட்டிய மாதிரி. அதுதான் வேர். ஒரு வாரத்தில் உன் விரல் நீளம் வந்துவிடும். அப்போது மண் கிடைத்திருந்தால் நட்டுவிடு, மூன்று நாலு வாரத்தில் ஒரு பிடி கீரை கிள்ளலாம். உன் தமிழ் நோட்டில் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுது: இன்று எத்தனை வேர், எவ்வளவு நீளம், தண்ணீர் என்ன நிறம். மூன்று தண்டில் எந்தத் தண்டு முதலில் வேர் விட்டது என்று எனக்கு எழுதி அனுப்பு. அடுத்த மாதம் உன் கடிதத்தைத்தான் முதலில் பிரிப்பேன்.